கெட்டி அட்டைப் புத்தகங்களுக்கு எந்த அலமாரி?

ஒவ்வொரு ஜனவரியும் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடும்: "வாங்கியாச்சு, எங்கே வைக்கிறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். ஆசாரியைக் கூப்பிட்டு பிளைவுட்டில் செய்வதா, ரெடிமேடாக ஒன்றை வரவழைப்பதா, மளிகைக் கடை குடோனில் இருக்கிற மாதிரி இரும்பு ரேக் போதுமா, பழைய பீரோவைக் காலி செய்து அடுக்கிவிடலாமா? வீட்டுச் சுவரிலேயே கடப்பா கல் அலமாரி இருப்பவர்களுக்கு, அதை நம்பலாமா என்ற சந்தேகம்.

மெல்லிய அட்டைப் புத்தகங்களை எங்கே வைத்தாலும் சமாளித்துவிடலாம். கெட்டி அட்டை அப்படி இல்லை. அகராதி, கலைக்களஞ்சியம், உரையோடு வந்த காப்பியத் தொகுதி, செம்பதிப்பு நாவல், ஓவியப் புத்தகம் எல்லாமே கனமானவை, விலை கூடியவை. பலவற்றை மறுபடி வாங்கவே முடியாது. நான் முதலில் வாங்கிய ரெடிமேட் அலமாரியின் நடுத்தட்டு இரண்டாவது மழைக்காலத்துக்குள் வில்லாக வளைந்துவிட்டது. வளைவுக்குள் சரிந்து நின்ற ஓர் அகராதியின் முதுகு பிளந்தது. பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். ஆனால் அந்தப் பழைய காலிகோத் துணி ஒட்டிய அட்டையும் அதன் பொன் எழுத்தும் போனது போனதுதான். அந்த வருத்தத்தில்தான் இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

எடை. எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். 24 செ.மீ. உயரம், 16 செ.மீ. அகலம் உள்ள சாதாரணக் கெட்டி அட்டைப் புத்தகங்களை மூன்றடித் தட்டில் நெருக்கமாக அடுக்கினால் சுமார் 25 கிலோ வரும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான பெரிய ஓவியப் புத்தகங்கள் என்றால் அதே மூன்றடி 60 கிலோவைத் தாண்டும். உங்கள் புத்தகங்களின் எடை தெரிய வேண்டுமென்றால், ஓரடி நீளத்துக்குப் புத்தகங்களை எடுத்து உடல் எடை பார்க்கும் மிஷினில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தட்டின் நீளம். பலகை எந்தப் பொருள் என்பதைவிட, ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது முக்கியம். புத்தகம் அடுக்கிய தட்டின் தொய்வு நீளத்தின் நான்காம் மடங்குக் கணக்கில் கூடும். அதாவது மூன்றடித் தட்டை இரண்டடியாக்கினால் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கனத்தைக் கூட்டினாலும் பலன் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. முக்கால் அங்குலப் பலகையை ஓர் அங்குலம் ஆக்கினால் தொய்வு பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான். மரப்பலகை எதுவானாலும் இன்றைய வளைவோடு நிற்பதில்லை. பாரம் ஏறிய நிலையிலேயே வருடக்கணக்கில் நின்று மேலும் வளையும்.

ஓதமும் காற்றும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் பிடிக்க வழி உண்டு. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான் ஓடுகிறது. ஈரப்பதத்தை முழுக்கத் தவிர்க்க நம்மால் முடியாது. காற்றைத் தேங்கவிடாமல் இருக்க முடியும்.

பூச்சி. கறையான் ஒன்று. வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் ராமபாணப் பூச்சி இன்னொன்று. அது பைண்டிங் பசையையும் அட்டைத் துணியில் இருக்கிற கஞ்சியையும் தேடி வருகிறது. கெட்டி அட்டையில் இரண்டும் நிறைய.

வீடு மாறுவது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை முதல் இடத்தில் வைக்க வேண்டும்.

## ரெடிமேட் பார்ட்டிகிள் போர்டு அலமாரி

விலை குறைவு, பார்க்க அழகு, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் அழுத்திச் செய்த பலகை இது. இதன் விறைப்பு நல்ல பிளைவுட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை இரண்டரை அடி, மூன்றடித் தட்டுகள். பலவீனமான பொருளும் நீளமான தட்டும் ஒன்றாகச் சேர்கின்றன.

ஈரம் பட்டால் இந்தப் பலகை உப்பிவிடும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. மழை கூட வேண்டாம், தினமும் தரை துடைக்கிற ஈரமே அடிப்பலகைக்குப் போதும். இன்னொரு செலவு வீடு மாறும்போது தெரியும். ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி மாட்டும்போது தூள்பலகையில் பிடி இருக்காது. இரண்டு முறை மாற்றியதும் அலமாரி ஆட ஆரம்பிக்கும்.

மெல்லிய அட்டைப் புத்தகம், குழந்தைகளின் படப் புத்தகம், இரண்டு வருடத்தில் கைமாற்றிவிடப் போகிற தேவை என்றால் இது சரி. கனமான தொகுதிகளுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் கீழிருந்து மேல்வரை ஒரே நேர்கோட்டில் முட்டுப் பலகை கொடுத்துவிடுங்கள். ஆசாரிக்கு அரைநாள் வேலை.

## ஆசாரி செய்யும் பிளைவுட் அலமாரி

சொந்த வீடு, நிறையப் புத்தகம், பணமும் ஒதுக்க முடியும் என்றால் என் முதல் தேர்வு இதுதான். ஆனால் சும்மா "ஒரு புக் ஷெல்ப் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டால் மாலையில் துணி அலமாரி மாதிரி ஒன்று நிற்கும். ஆசாரிகளுக்குத் துணியின் எடை பழக்கம், புத்தகத்தின் எடை பழக்கமில்லை. பக்கத்தில் நின்று சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 710 என்ற தர எண்ணை அச்சிட்டிருந்தால் அது மெரைன் தரம், ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஐ.எஸ். 303-இல் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம் உண்டு, அதில் பி.டபிள்யூ.ஆர். ஈரத்தை ஓரளவு தாங்கும். உள்ளறைச் சுவருக்கு அது போதும். மழை அடிக்கிற வெளிச்சுவரை ஒட்டி நிற்கப் போகிறது என்றால் 710 வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, அறுக்கிற திசை. பிளைவுட்டின் மேல்தாளில் மரரேகை எட்டடி நீளத்தின் போக்கில் ஓடும். தட்டின் நீளமும் அதே போக்கில் இருக்க வேண்டும். கழிவு மிச்சப்படுத்துவதற்காகக் குறுக்கே அறுத்தால் பலகையின் விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மைக்கா ஒட்டிய பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது அறுக்கும் நாளில் லீவு போடலாம்.

தட்டுகள் இரண்டடிக்கு மேல் வேண்டாம். ஆறடி நீளச் சுவர் இருந்தால் மூன்று அறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்துக்குத் தேக்கு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, பசை போட்டு அடித்தால் தொய்வு இன்னும் குறையும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆழம் பத்து அங்குலம் பெரும்பாலான புத்தகங்களுக்குப் போதும். கீழ் இரண்டு தட்டுகளை மட்டும் பதின்மூன்று அங்குலமாக்கி ஓவியப் புத்தகங்களை அங்கே வைக்கலாம். ஆழம் கூடினால் இரண்டு வரிசையாக அடுக்கத் தோன்றும். பின்வரிசைக்குக் காற்று போகாது, கண்ணும் போகாது. பூசணம் பிடித்தது தெரிய ஆறு மாதமாகும்.

மறைவான செலவு பலகையில் இல்லை. மைக்கா, பசை, ரீப்பர், கூலி எல்லாம் சேரும்போது பலகையின் விலையைப் போல இன்னொரு பங்கு ஆகிவிடுவது சாதாரணம். நாள் கணக்குக் கூலியா, சதுர அடிக் கணக்கா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் உடனே புத்தகத்தை ஏற்ற வேண்டாம். புதுப் பசையும் பாலிஷும் விடுகிற ஆவி தாளுக்கு நல்லதில்லை. வாடை முழுக்கப் போகும்வரை, இரண்டு மூன்று வாரமாவது, ஜன்னலைத் திறந்து காலியாகவே விடுங்கள். அப்புறம், தட்டின் கீழே மாவு மாதிரி கொட்டினால் பலகை உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே புத்தகங்களை இறக்கிவிடுங்கள்.

## இரும்பு ரேக்

துளை போட்ட ஆங்கிள் நான்கு, தகடுகள் ஐந்தாறு, ஒரு பை நிறைய நட்டு போல்ட். அழகுக்காக யாரும் இதை வாங்குவதில்லை. ஆனால் கொடுக்கும் பணத்துக்கு இவ்வளவு பாரம் தாங்கும் பொருள் வேறு இல்லை. கழற்றி மடக்கி ஆட்டோவில் ஏற்றி, அடுத்த வீட்டில் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். தட்டின் உயரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இது.

தகடு வாங்கும்போது கேஜ் கேளுங்கள். தகட்டின் கனத்தைச் சொல்லும் எண் அது, எண் குறையக் குறைய கனம் கூடும். கனமான புத்தகங்களுக்கு 18 கேஜ், முடியாவிட்டால் 20. அதற்கு மெல்லியது வேண்டாம். தகட்டின் நான்கு விளிம்பும் மடக்கியிருக்கிறதா, அடியில் நடுவே பட்டி ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள். மூலைகளில் முக்கோணத் தகடு கேட்டு வாங்கிப் போடுங்கள். அது இல்லாத ரேக் பக்கவாட்டில் ஆடும். மேலே இரண்டு இடத்தில் சுவரோடு கட்டிவிடுவதும் அவசியம், வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம்.

இதன் மறைவான செலவைப் புத்தகம்தான் கொடுக்கிறது. உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் ஓரப் புத்தகத்தின் அட்டையைக் கீறும். தகட்டு விளிம்பு காலிகோத் துணியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்க்கும். போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே வருகிற மாதிரி மாட்டி, தட்டின் மேல் கெட்டியான மவுண்ட் போர்டு அளவுக்கு வெட்டிப் போட்டுவிட்டால் இரண்டும் தீரும். இரண்டு பக்கமும் தகடு அடைக்காத ரேக்கில் ஓரப் புத்தகங்கள் சரியும், அதற்குப் புத்தகத் தாங்கி வேண்டும். கடலோரத்தில் சாதாரண பெயின்ட் அடித்த ரேக் சில வருடங்களில் துருப்பிடிக்கும். துருக்கறை தாளில் ஏறினால் போகாது. அங்கே பவுடர் கோட்டிங் செய்ததையே வாங்குங்கள்.

இரும்பு என்றால் கறையான் வராது என்று நம்பிவிடுகிறோம். கறையான் இரும்பைத் தின்னாது, ஆனால் இரும்புக் காலின் மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறிப் போய்ப் புத்தகத்தைத் தின்னும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினால், மண்கோடு ஏறுவது கண்ணில் படும்.

## ஸ்டீல் பீரோ

தூசி வராது, பூட்டலாம், எலி நுழையாது. கண்ணாடிக் கதவு வைத்தது என்றால் என்ன இருக்கிறது என்றும் தெரியும். வக்கீல் அலுவலகங்களிலும் பழைய நூலகங்களிலும் இது நிற்பதற்குக் காரணம் உண்டு.

காற்று போகாது என்பதுதான் இதன் பலமும் பலவீனமும். காய்ந்த புத்தகத்தைக் காய்ந்த நாளில் வைத்து மூடினால் நன்றாக இருக்கும். அடைமழை நாளில் ஈரக்காற்றோடு சேர்த்து மூடினால் உள்ளே பூசணம் வளரும். ஏ.சி. அறையில் நிற்கும் பீரோவில் இன்னொரு சங்கடம். இரவெல்லாம் குளிர்ந்த தகட்டின் மேல், காலையில் ஜன்னலைத் திறந்ததும் வெளியே இருக்கும் ஈரக்காற்று வேர்க்கும்.

அதனால் பீரோவுக்கு ஆள் வேலை வேண்டும். வாரம் ஒருமுறை, வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். சிலிக்கா ஜெல் மூடிய இடத்தில் மட்டுமே வேலை செய்யும், நிறம் மாறியதும் அதைச் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். அந்துருண்டை போடாதீர்கள். வாடை தாளில் ஏறிவிடும், அந்த ஆவி கைக்குழந்தைக்கு ஆகாது. தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பும் கிராம்பும் சேர்ந்த பொடியைத் துணியில் முடிந்து வைக்கும் பழைய வழக்கம் உண்டு. வீட்டிலும் அப்படி வைக்கலாம், முடிச்சு புத்தகத்தைத் தொடாமல் இருக்கட்டும். வேப்பிலை வைப்பதாக இருந்தால் நன்றாகக் காய்ந்ததை வையுங்கள், பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும்.

என் கணக்கில் பீரோ எல்லாப் புத்தகத்துக்குமான இடமில்லை. அரிய பதிப்பு, தாத்தா கையெழுத்துப் போட்ட பிரதி, எடுப்பது குறைவான தொகுதிகள், அவற்றுக்கு மட்டும்.

## கடப்பா கல் சுவர் அலமாரி

பழைய வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். கல் தொய்வதில்லை, உளுப்பதில்லை. இரண்டரை அடிக்குள் இரண்டு பக்கமும் சுவரில் நன்றாகப் பதிந்திருந்தால் புத்தகப் பாரம் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் கல் வளைந்து எச்சரிக்காது, விரிசல் விட்டால் ஒரே நாளில் உடையும். நீளமான கல்லில் நடுவே முட்டுக்கொடுங்கள்.

பிரச்சினை கல்லில் இல்லை, பின்சுவரில். அது வெளிச்சுவராகவோ குளியலறைச் சுவராகவோ இருந்தால் ஓதம் நேராகப் புத்தகத்தில் இறங்கும். கறையானும் சுவருக்குள்ளிருந்தே வரும். புத்தக வரிசைக்குப் பின்னால் அது என்ன செய்கிறது என்று கடைசிவரை தெரியாது. ஒரு பரிசோதனை செய்யலாம். பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பின்சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் அங்கே புத்தகம் வேண்டாம், பாத்திரம் வையுங்கள். மழைக்காலத்தில் செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும். காய்ந்த சுவர் என்றால், இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு அடுக்குங்கள். புதிதாகச் சுவரை உடைத்துச் செய்ய நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல பிளைவுட் அலமாரியே வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | பாரம் | ஈரம் | கறையான் | வீடு மாற்றம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| பார்ட்டிகிள் போர்டு | பலவீனம் | உப்பிவிடும் | ஆபத்து | இரண்டு முறைக்கு மேல் தாங்காது | சில வருடத்தில் மறுபடி வாங்குவது |
| பிளைவுட் | இரண்டடித் தட்டில் நன்று | தரத்தைப் பொறுத்தது | மருந்து வேண்டும் | கடினம் | மைக்கா, கூலி, காத்திருப்பு |
| இரும்பு ரேக் | மிக நன்று | கடலோரத்தில் துரு | ஏறி வரும், கண்ணில் படும் | மிக எளிது | மவுண்ட் போர்டு, புத்தகத் தாங்கி |
| ஸ்டீல் பீரோ | நன்று | உள்ளே தேங்கும் | நுழைவது கடினம் | பாரமான சுமை | வாராவாரம் கவனிப்பு |
| கடப்பா கல் | மிக நன்று | பின்சுவரைப் பொறுத்தது | மறைந்து வரும் | முடியாது | ஓதத்துக்கு மராமத்து |

## யாருக்கு எது

வாடகை வீடு, புத்தகம் கூடிக்கொண்டே போகிறது: இரும்பு ரேக். சொந்த வீடு, கூடத்தில் எல்லார் கண்ணிலும் படவேண்டும்: பிளைவுட். வீட்டில் இரண்டு மூன்று மாதம் ஆளே இருக்காது என்றால் பீரோ வேண்டாம். கதவைத் திறந்துவிட ஆளில்லாத பீரோவைவிடத் திறந்த ரேக்கில் பருத்தித் துணி போர்த்திவிட்டுப் போவது மேல். கையில் பணம் குறைவு என்றால் ரெடிமேடைத் தேடிப் போகாமல் அதே பணத்தில் சின்ன இரும்பு ரேக் வாங்குங்கள்.

அடுக்குமாடியில் ஓர் அறை முழுக்கப் புத்தகம் என்று திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியத் தரக் கணக்குப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவுக்கு வடிவமைக்கப்படுகிறது. நூலக அடுக்கறைக்கு அது 600 கிலோ. சுவரோரமாக ஒன்றிரண்டு அலமாரி பயமில்லை. அறையின் நடுவில் வரிசை வரிசையாக ரேக் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

## அடுக்கும் முறை

எந்த அலமாரியானாலும் கெட்டி அட்டைப் புத்தகம் நேராக நிற்க வேண்டும். அதன் அட்டை தாள்கட்டைவிடச் சற்றுப் பெரியது என்பதால் உள்ளே தாள்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. புத்தகம் சாய்ந்தால் அந்தப் பாரம் முழுக்க முதுகுத் தையலில் விழும். மிகவும் கனமான ஓவியப் புத்தகங்களைப் படுக்க வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரல் போட்டு இழுக்கக் கூடாது. இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவயிற்றைப் பிடித்து எடுக்க வேண்டும். அதற்கு வரிசையில் ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

கனம் கீழே இருந்தால் அலமாரி நிலையாக நிற்கும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் முதலில் நனைந்தது அந்தக் கீழ்த்தட்டுதான். தண்ணீர் புகுந்த தெருவில் குடியிருக்கிறீர்கள் என்றால் கனமானவற்றை முழங்கால் உயரத்துக்கு மேலே, இரண்டாம் மூன்றாம் தட்டுகளில் வைத்து, அலமாரியைச் சுவரோடு நன்றாகப் பிணைத்துவிடுங்கள். கீழ்த்தட்டில் பழைய வார இதழ்கள் இருக்கட்டும்.